இந்தக் கோப்பு யாருடையது?

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் முன் வரும் ஊர் புளியறை. தமிழ்நாட்டுப் பக்கத்துச் சோதனைச் சாவடி இங்கேதான் இருக்கிறது. மலையேறிப் போனால் அடுத்தது கேரளத்தின் ஆரியங்காவு.

சாவடியில் நிற்கும் அலுவலருக்கு லாரி ஓட்டுநர் யாரென்று தெரியாது, லாரி முதலாளியையும் தெரியாது. எண் பலகையையும் கையில் இருக்கும் காகிதங்களையும் பார்த்துவிட்டு வண்டியை விடுகிறார். டி.என். 76 என்றால் தென்காசி, கே.எல். 25 என்றால் புனலூர். சரி, அந்த டி.என்., கே.எல். எழுத்துகளை எடுத்துவிட்டு வெறும் 4321 என்று மட்டும் எல்லா வண்டியிலும் எழுதி வைத்தால் என்ன ஆகும்? தென்காசிக்காரர் கட்ட வேண்டிய அபராதம் புனலூர்க்காரர் வீட்டுக்குப் போகும்!

சிரிப்பாக இருக்கிறதா? கணினி உலகம் பல ஆண்டுகள் இப்படி வெறும் எண்ணை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளியது. இன்றைக்கும் பல கல்லூரி ஆய்வகங்களில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், அது யாருடையது என்ற கேள்விக்குப் பதில் ஒரே கணினிக்குள் இருக்கும்வரை சுலபம். அந்தக் கோப்பு வேறு கணினியில் இருந்து, கேட்பவர் இன்னொரு கணினியில் இருந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரே வீட்டுக்குள்

முதலில் ஒரே கணினியை எடுத்துக்கொள்ளலாம். யுனிக்ஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. உரிமையாளர், குழுவினர், மற்றவர்கள் என்று மூன்று தரப்பு. ஒவ்வொரு தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அனுமதிகள். மொத்தம் ஒன்பது. தேர்வுக்குப் படித்தவர்களுக்கு 755, 644 என்ற எண்கள் மனப்பாடமாகவே இருக்கும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கோப்போடு சேர்த்து உரிமையாளரின் பெயர் எழுதப்படுவதில்லை. ஓர் எண்தான் எழுதப்படுகிறது. 1001 என்பது யார் என்று அந்தக் கணினியில் இருக்கும் பயனர் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். திரையில் பெயர் தெரிகிறதே என்றால், அது அந்த நேரத்தில் பட்டியலைப் பார்த்து மாற்றிக் காட்டப்படும் பெயர்.

ஒரே கணினியில் இதனால் தொந்தரவு இல்லை. கோப்பு, பட்டியல், கடவுச்சொல் சரிபார்ப்பு, அனுமதி கொடுக்கும் கெர்னல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கடவுச்சொல்லைச் சரிபார்த்தவரே கதவையும் திறக்கிறார். யாரையும் நம்பி எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

எண்ணை நம்பிய காலம்

1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்.எஃப்.எஸ். என்ற வலையமைப்புக் கோப்பு முறையைக் கொண்டுவந்தது. வேறொரு கணினியின் வட்டில் இருக்கும் அடைவை, தன் கணினியில் இருப்பது போலவே பயன்படுத்தலாம். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். இன்றும் லினக்ஸ் ஆய்வகங்களில் இதைப் பார்க்கலாம்.

இதில் அனுமதி எப்படிச் சரிபார்க்கப்பட்டது? கேட்கும் கணினி, 'என்னிடம் 1001 எண்காரர் வந்திருக்கிறார், இந்தக் கோப்பைக் கேட்கிறார்' என்று வழங்கிக்குச் சொல்லும். வழங்கி, கோப்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்கும். அதுவும் 1001 என்றால் எடுத்துக் கொடுத்துவிடும். வந்தவர் உண்மையிலேயே 1001 தானா என்று வழங்கி விசாரிப்பதில்லை. கேட்கும் கணினி சொல்வதை அப்படியே நம்புகிறது.

அன்றைக்கு இது முட்டாள்தனம் இல்லை. ஓர் அலுவலகத்தில் இருந்த எல்லாக் கணினிகளையும் ஒரே நிர்வாகிதான் பார்த்துக்கொண்டார். அவர் ஒழுங்காக எண் கொடுத்திருந்தால் போதும். சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்து அலுவலக வலையில் செருகும் பழக்கம் அப்போது இல்லை.

இப்போது ஒரு கல்லூரி ஆய்வகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். முதல் கணினியில் ஒரு மாணவிக்கு 1001 என்ற எண். இரண்டாவது கணினியில் வேறொரு மாணவருக்கும் அதே 1001, ஏனென்றால் இரண்டிலும் தனித்தனியாகப் பயனர்களை உருவாக்கியிருக்கிறார்கள். இருவரும் ஒரே வழங்கியில் கோப்புகளை வைக்கிறார்கள். மாணவியின் புராஜெக்ட் அறிக்கையை அந்த மாணவர் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. கணினியும் விதியை மீறவில்லை. 4321 என்ற எண்பலகைக் கதைதான் இது.

தெரியாமல் நடப்பது இது. தெரிந்தே செய்வது இன்னும் சுலபம். தன் மடிக்கணினியில் ரூட் அதிகாரம் உள்ளவர், 1001 என்ற எண்ணில் ஒரு பயனரைத் தானே உருவாக்கிக்கொள்ளலாம். கடவுச்சொல் எதையும் உடைக்கத் தேவையில்லை.

ஆரியங்காவைத் தாண்டினால் நீ யாரோ!

ரூட்டுக்கு மட்டும் என்.எஃப்.எஸ்.ஸில் ஒரு தடுப்பு உண்டு. ரூட்டின் எண் பூஜ்யம். வெளிக் கணினியிலிருந்து பூஜ்யம் என்று வரும் கோரிக்கையை வழங்கி அப்படியே ஏற்காது. 'நோபடி', அதாவது 'யாருமில்லை' என்ற பயனராக மாற்றிவிடும். ரூட் ஸ்குவாஷ் என்று இதற்குப் பெயர்.

இதைப் புரிந்துகொள்ளப் புளியறைக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் வேண்டாம். தென்காசி மாவட்ட ஆட்சியரின் உத்தரவு புளியறை வரை செல்லும். மலைக்கு அந்தப் பக்கம் அதே கையெழுத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. கொல்லம் ஆட்சியரின் உத்தரவுக்கும் இந்தப் பக்கம் அதே மரியாதைதான். அவரவர் எல்லைக்குள் அவரவர் ரூட்!

ஆனால் இந்தத் தடுப்பை நம்பித் தூங்கிவிடக் கூடாது. ரூட் ஸ்குவாஷ் தடுப்பது பூஜ்யத்தை மட்டும்தான். மடிக்கணினிக்காரர் 1001 ஆக வேடம் போட்டால் அது கண்டுகொள்ளாது. ஆட்சியர் வேடத்தில் வருபவரை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வேடத்தில் வருபவரை உள்ளே விடுகிற காவல் இது.

பின்னால் வந்த என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பு எண்ணுக்குப் பதிலாக, பெயரோடு ஊரையும் சேர்த்து அனுப்ப வழிசெய்தது. மின்னஞ்சல் முகவரி போல 'பயனர்@களம்' என்ற வடிவம். எண்பலகையில் டி.என்., கே.எல். வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் யாரும் எந்தப் பலகையையும் எழுதி மாட்டிக்கொள்ளலாமே? பலகை உண்மையானதுதான் என்று உறுதி சொல்ல மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். அதே பதிப்பு கெர்பரோஸ் என்ற சான்று முறையையும் கட்டாயம் ஆதரிக்க வேண்டும் என்று வைத்தது இதனால்தான்.

சென்னையில் படித்தவர் கேட்ட கேள்வி

இதே 1980களில், இதே சிக்கலை வேறு கோணத்தில் பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1983ல் முனைவர் பட்டம் பெற்றவர். ஐ.பி.எம். நிறுவனமும் அந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆண்ட்ரூ திட்டத்தில், ஏ.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர்.

அவர்கள் முன்னால் இருந்த நிலைமை சன் நிறுவனத்தின் நிலைமை இல்லை. வளாகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் வரப்போகின்றன. விடுதி அறையிலும் நூலகத்திலும் இருக்கும், மாணவர்கள் கையில் இருக்கும். மாணவர் கையில் ஒரு கணினி முழுசாகக் கிடைத்தால் என்ன செய்வார் என்று மாணவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்! ஆகவே அவர்கள் எடுத்த முடிவு இது: கேட்கும் கணினி எதையும் நம்பக் கூடாது. பூட்டிய அறைக்குள் இருக்கும் வழங்கிகளை மட்டும் நம்பலாம்.

அப்படியென்றால் பயனர் தன்னை எப்படி நிரூபிப்பது? கடவுச்சொல்லை வலையில் அனுப்பாமலே, சான்று தரும் வழங்கியிடம் தன்னை நிரூபித்து ஒரு டோக்கன் வாங்கிக்கொள்வார். அதன்பிறகு கோப்பு வழங்கியிடம் அந்த டோக்கனைக் காட்டினால் போதும். டோக்கனுக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் திரும்ப வாங்க வேண்டும். டோக்கன் இல்லாமல் வருபவர், தன் கணினியில் எவ்வளவு பெரிய ரூட்டாக இருந்தாலும், முகம் தெரியாத 'எவரோ' ஒருவர்தான்.

இன்னொரு மாற்றமும் செய்தார்கள். ஒன்பது அனுமதிகளை வைத்துக்கொண்டு பெரிய வளாகத்தில் காலம் தள்ள முடியாது என்று, ஒவ்வோர் அடைவுக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் வைத்தார்கள். படிக்க, பெயர்களைப் பார்க்க, புதிதாகச் சேர்க்க, அழிக்க, எழுத, பூட்ட, பட்டியலையே மாற்ற என ஏழு உரிமைகள். இதில் 'சேர்க்க' தனி உரிமையாக இருப்பதால், ஆசிரியர் ஒரு அடைவைத் திறந்து வைத்து, மாணவர்கள் வீட்டுப்பாடத்தை உள்ளே போட மட்டும் அனுமதிக்கலாம். அடுத்தவர் விடையைப் படிக்க முடியாது. கோயில் உண்டியல் போல!

இதைவிட முக்கியமானது, குழுக்களை உருவாக்க நிர்வாகியிடம் போய் நிற்க வேண்டியதில்லை என்பது. மாணவர் தன் நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்துத் தானே ஒரு குழு அமைத்து, தன் அடைவை அவர்களுக்கு மட்டும் திறக்கலாம். யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது கோப்புக்குச் சொந்தக்காரரின் வேலை, நிர்வாகியின் வேலை இல்லை.

மறுப்புரிமை என்று ஒன்றும் இருந்தது. ஒருவரை உடனே தடுக்க வேண்டும், ஆனால் அவர் எத்தனையோ குழுக்களில் இருக்கிறார். எல்லாக் குழுவிலிருந்தும் நீக்கி, அந்தச் செய்தி எல்லா வழங்கிக்கும் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் கதை முடிந்துவிடும். ஆகவே அந்த ஓர் அடைவின் பட்டியலிலேயே 'இவருக்கு இல்லை' என்று எழுதிவிடலாம். உரிமை கொடுப்பதைவிட, கொடுத்த உரிமையை வேகமாகத் திரும்ப வாங்குவது கடினம் என்று இவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

ஏ.எஃப்.எஸ்.ஸை உருவாக்கிய குழுவுக்கு ஏ.சி.எம். அமைப்பின் 2016ஆம் ஆண்டுக்கான மென்பொருள் விருது கிடைத்தது. முப்பது ஆண்டுகள் தாமதம்தான், பரவாயில்லை.

யானைக்கு வாசல் யார்?

எண்பதுகளில் கற்ற பாடம் பிறகு மறந்துபோனது. ஹடூப் கதை அதைத்தான் சொல்கிறது.

மஞ்சள் யானைப் பொம்மை ஒன்றின் பெயரைத் தாங்கிய ஹடூப், 2006ல் தனித் திட்டமாக வந்தது. அதன் கோப்பு முறை எச்.டி.எஃப்.எஸ். பெரிய கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி, வழக்கமாக ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதி எடுத்து, பல கணினிகளில் பரப்பி வைக்கும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, கோப்பின் உரிமையாளர் யார், என்ன அனுமதி என்ற விவரமெல்லாம் நேம்நோடு என்ற தலைமைக் கணினியிடம். துண்டுகளை வைத்திருப்பவை டேட்டாநோடுகள்.

2008ல் இதற்கு யுனிக்ஸ் பாணி அனுமதிகள் வந்தன. எண்ணுக்குப் பதிலாகப் பெயரையே வைத்தார்கள், அதுவரை நல்லது. ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? கேட்கும் கணினியில் 'நான் யார்' என்று கட்டளை கொடுத்தால் என்ன விடை வருமோ அதுதான்! அதாவது, பயனரே தன் பெயரைச் சொல்லிக்கொள்வார், நேம்நோடு நம்பிக்கொள்ளும். பின்னால் வந்த பதிப்புகளிலும், கெர்பரோஸ் போடாமல் விட்டால், ஒரு சூழல் மாறியில் 'எச்.டி.எஃப்.எஸ்.' என்று பெயரைக் கொடுத்துவிட்டு எவரும் சர்வ அதிகாரி ஆகிவிடலாம்.

டேட்டாநோடுகள் கதை இன்னும் மோசம். அவற்றுக்குத் துண்டின் எண் மட்டும்தான் தெரியும். அது எந்தக் கோப்பின் துண்டு, யாருடையது என்று தெரியாது. ஆகவே துண்டு எண்ணைச் சொல்லிக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தன.

யாஹூ நிறுவனப் பொறியாளர்கள் 2010 வாக்கில் இதைச் சரிசெய்தார்கள். கெர்பரோஸ் மூலம் பயனர் தன்னை நிரூபிக்க வேண்டும். நிரூபித்த பின் கோப்பைக் கேட்டால், நேம்நோடு அனுமதியைப் பார்த்துவிட்டு, 'இந்தத் துண்டை இவர் படிக்கலாம்' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். அந்தச் சீட்டில் இருக்கும் முத்திரையை நேம்நோடும் டேட்டாநோடுகளும் மட்டும் அறிந்த ரகசியச் சாவியால் போடுவார்கள். டேட்டாநோடு ஆளை விசாரிக்க வேண்டியதில்லை, முத்திரையைச் சரிபார்த்தால் போதும். சாதாரணமாகப் பத்து மணி நேரத்தில் சீட்டு காலாவதியாகிவிடும்.

லாரிக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த விற்பனை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. அதற்கும் காலக்கெடு உண்டு. வழியில் நிறுத்தும் வரி அலுவலர் சரக்கின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. பில் எண் பொது வலைத்தளத்தில் இருக்கிறதா, வண்டி எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். நம்பிக்கை ஓட்டுநரின் வாய் வார்த்தையில் இல்லை, பில் கொடுத்த இடத்தில் இருக்கிறது.

இத்தனை வசதி வந்த பிறகும், பல இடங்களில் கெர்பரோஸ் அமைப்பது தலைவலி என்று விட்டுவிட்டார்கள். (உண்மையில் தலைவலிதான். கணினிகளின் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்பின்னாக இருந்தாலே உள்ளே விடாது!) 2017 ஜனவரியில் அதன் பலன் தெரிந்தது. இணையத்தில் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்த ஹடூப் தொகுதிகளை யாரோ தேடித் தேடி, தரவை அழித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கோப்புகளுக்கெல்லாம் உரிமையாளர் பெயர் இருந்தது, அனுமதி எண்களும் ஒழுங்காகவே இருந்தன. வந்தவர் யார் என்று கேட்க மட்டும் ஆள் இல்லை.

சொந்தக்காரர் போன பிறகு

கடைசியாக ஒரு கேள்வி. உரிமையாளரே போய்விட்டால்?

படிப்பு முடிந்து ஒருவர் போய்விடுகிறார். நிர்வாகி அவர் கணக்கை நீக்குகிறார். கோப்புகள் அங்கேயே கிடக்கின்றன. பட்டியலில் பெயர் இல்லாததால் உரிமையாளர் இடத்தில் வெறும் 1001 என்று தெரியும். அடுத்த ஆண்டு வரும் புதிய மாணவருக்கு அதே எண் ஒதுக்கப்பட்டால், முன்னவரின் கோப்புகள் எல்லாம் இவருக்குச் சொந்தம்! உயிலும் இல்லை, பத்திரமும் இல்லை. எச்.டி.எஃப்.எஸ்.ஸில் எண்ணுக்குப் பதில் பெயர் என்பதால், அதே பெயரை வேறொருவருக்குக் கொடுத்தாலும் இதே கதைதான்.

லினக்ஸில் சாதாரணப் பயனர் தன் கோப்பைக்கூட இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ரூட்தான் மாற்ற வேண்டும். என் பொருளை நான் கொடுக்க எதற்குத் தடை என்று பலர் கோபப்படுவார்கள். தன் வட்டு ஒதுக்கீட்டைக் காப்பாற்றிக்கொள்ள கோப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிடலாம், வில்லங்கமான கோப்பையும் அப்படியே தள்ளிவிடலாம் என்பதால் இந்தத் தடை. நிலத்தை விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது, பத்திரப் பதிவும் பட்டா மாறுதலும் அதற்கான அலுவலகங்களில் நடக்க வேண்டும் என்பது போல.

இந்த விஷயத்தில் புளியறைக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. செங்கோட்டைப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 அக்டோபர் 31 வரை திருவாங்கூர்-கொச்சி, நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம். அன்று எந்த வயலும் ஓர் அடிகூட நகரவில்லை. வயலின் சொந்தக்காரரும் மாறவில்லை. 'இது இவருடையதுதான்' என்று சொல்லும் அதிகாரம் மட்டும் ஓர் அரசிடமிருந்து இன்னோர் அரசிடம் போனது. பழைய அரசின் பதிவைப் புதிய அரசு மதித்தால்தான் அந்த நிலம் தொடர்ந்து அவருடையது.

கோப்புகளைப் பழைய வழங்கியிலிருந்து புதிய வழங்கிக்கு மாற்றும்போதும் நடப்பது இதுவேதான். கோப்பு பத்திரமாக வந்துவிட்டதா என்று எல்லாரும் பார்க்கிறார்கள். அதன்மேல் எழுதிய எண்ணைப் புதிய இடத்தில் யாரென்று படிப்பார்கள் என்பதைச் சிலர்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே புராஜெக்டுக்கோ ஆய்வகத்துக்கோ பகிர்வுக் கோப்பு முறை அமைப்பவர்கள் 755ஆ 750ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் நாலு விஷயத்தைப் பார்த்துவிடுவது நல்லது. வந்தவர் இன்னார் என்று உறுதி சொல்வது யார்? அந்த உறுதியைக் கேட்பவர் கணினி தானே தயாரித்துக்கொள்ள முடியுமா? கொடுத்த அனுமதி எப்போது தானாகக் காலாவதியாகும்? ஆள் போன பிறகு அவர் எண்ணும் பெயரும் யாருக்குப் போகும்?

இந்த நாலுக்கும் பதில் இருந்தால் அனுமதி எண்களுக்கு அர்த்தம் உண்டு. இல்லாவிட்டால் கோப்பின் மேல் எழுதியிருக்கும் பெயர், பேருந்து இருக்கையில் போட்டுவிட்டுப் போன துண்டு மாதிரிதான். மற்றவர்கள் மதிக்கிற வரைக்கும் இடம் உங்களுடையது.